லாபம், ரெண்டு, மூணு

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. ஈரப் பாவாடையோடு வகுப்பு. இப்போது ஹாஸ்டலில் எல்லோரும் தூங்கியாயிற்று. போர்வைக்குள் டார்ச். வார்டன் பார்த்தால் டார்ச்சும் போகும், இந்த நோட்டும் போகும்.

கணக்குத் தாள் வந்தது. ஒன்பது. தமிழில் எண்பத்து நாலு. சார் இரண்டையும் வகுப்புக்குத் தூக்கிக் காட்டினார். "திமிரு. வேணும்னே படிக்கிறதில்ல."

போர்டில் கட்டம் போட்டு எண்ணச் சொன்னார். முதல் கட்டத்தைத் தொட்டு "லாபம்" என்றேன். வீட்டில் சாமை அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம், ரெண்டு, மூணு. அப்பா அளப்பார். படிக்கு ஒரு புளியங்கொட்டை நான் எடுத்து வைப்பேன். எனக்குத் தெரிந்த எண்ணிக்கை அதுதான்.

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "பத்தொம்பது வயசு. எண்ணக்கூடத் தெரியல."

சாயந்திரம் குழாயடியில் வகுப்புப் பிள்ளைகள், "லாபக்கா, தண்ணி வருதா?" நாலு வருடம் மில்லுக்குப் போய்விட்டுத் திரும்பிப் பத்தாவதில் உட்கார்ந்தவள். வெறும் அக்காவே குத்தும். இப்போது இது வேறு.

நவம்பர் 13, வியாழன்

மூடுபனி. இட்லி கல் மாதிரி. நளினி மிஸ் வந்தார். படிப்பு வராத பிள்ளைகளுக்கென்று வியாழக்கிழமைதோறும் திருப்பத்தூரிலிருந்து வருபவர்.

தீக்குச்சிகளை இரண்டு குவியலாக வைத்து எது அதிகம் என்றார். கடிகாரத்தில் மணி கேட்டார். எல்லாம் தப்பு. திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எண்ணு மட்டும் உன் தலையில நிக்கல. சோம்பேறித்தனம் இல்லம்மா. இதுக்குப் பேரு இருக்குது."

பேரைச் சொன்னார். மறந்துவிட்டேன். மில்லில் நூல் கோன்களைத் தப்பாக எண்ணி வாங்கிய அறை ஞாபகம் வந்தது. அப்போதும் அதற்குப் பேர் இருந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் முகாம். டாக்டர் சான்றிதழ் தந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், கால்குலேட்டர். தராவிட்டால் இதே ஒன்பது. ஃபெயிலானால் கல்யாணம் என்று சொல்லித்தான் அப்பா சேர்த்துவிட்டார். அவர் கையெழுத்து வேண்டுமாம்.

நவம்பர் 16, ஞாயிறு

அப்பா வந்தார். கேழ்வரகு அடை கொண்டுவந்தார். சொன்னேன்.

"மூளை சரியில்லன்னு காயிதம் வாங்கினு வரப் போறியா? எவன் கட்டுவான் உன்ன?"

"மூளை நல்லாத்தான் இருக்குதுப்பா. கணக்கு மட்டும்தான்."

"எத்தினி வருசமா சாமை எண்ற. ஒரு படி கொறைஞ்சிருக்குதா?"

"புளியங்கொட்டை இருந்துச்சுப்பா."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "அங்க போனீன்னா வூட்டுக்கு வராத." அடையைக் கையில் வைத்துவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டில்காரிகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

வார்டன் போனில் மிஸ்ஸிடம் பேசினேன். அப்பா முடியாது என்றதைச் சொன்னேன்.

"உனக்கு இன்னா வயசு?"

வார்டன் பக்கத்திலேயே இருந்தார். வழக்கம்போல் குரல் இறங்கிவிட்டது. "பத்தொம்பது."

"அப்ப உன் கையெழுத்தே போதும்மா."

யாரிடமும் சொல்லக் கூசிய வயசு.

போனால் வீடு இல்லை. போகாவிட்டால் ஒன்பது.

நவம்பர் 18, செவ்வாய்

போனேன். வார்டனும் ஜீப்பில் வந்தார். வளைவுகளில் வாந்தி.

டாக்டரம்மா பொத்தான்களைக் கொட்டி எண்ணச் சொன்னார். பயத்தில் வாய் "லாபம்" என்றது. அவர் சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார். சிரித்திருந்தாலே தேவலை என்றிருந்தது. கையெழுத்துப் போட்டேன், கோணலாக. சான்றிதழை மிஸ் வாங்கிக்கொண்டு வருவாராம்.

திரும்பும்போது இருட்டு. கேட்டில் அப்பா. ஜீப்காரர் எங்கள் ஊர், போன் பண்ணியிருக்கிறார்.

"பெட்டிய எடு."

வார்டன் நடுவில் நின்றார். "பொழுது போயிடுச்சுங்க. காலைல பேசிக்கலாம்."

ஊருக்குக் கடைசி பஸ் போய்விட்டது. அப்பா கேட்டுக்கு வெளியே துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். ஜன்னலிலிருந்து பீடி நெருப்பு தெரிகிறது. என் போர்வையை வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டாராம். யாருடையது என்று கேட்கவில்லையாம்.

போர்வை இல்லாமல் டார்ச்சை மறைக்க முடியவில்லை. பாவாடைக்குள் பிடித்து எழுதுகிறேன்.

காலையில் பெட்டியை எடுக்கமாட்டேன். சொல்லிப் பழகுகிறேன். எடுக்கமாட்டேன்ப்பா. எடுக்கமாட்டேன்ப்பா. உதடுதான் அசைகிறது, குரல் வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. பீடி நெருப்பைக் காணோம்.