ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம்

என் பிரியமுள்ள தேவி அக்கா,

நீ கண்ணை மூடிய பிறகு பிள்ளைச்சாவடிப் பக்கம் நான் அதிகம் வரவில்லை. உன் வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்க்கத் தெம்பில்லை. ஆனால் இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன் தம்பி நான் பாபுவோடு ஜோடியாகச் சேர்ந்து வாழ்கிறேன் என்று வீட்டில் தெரிந்தபோது, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் வஞ்சிர மீன் வாங்கிக்கொண்டு எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தவள் நீ ஒருத்திதான். "எனக்கு இன்னொரு தம்பி கெடச்சிட்டான்" என்றாய். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

ஓட்டலில் தெரிந்தபோது அப்படி இல்லை. வரவேற்பு மேசையில் சேகரும் நானும் ஒரே வேலைதான் பார்க்கிறோம், சேர்ந்ததும் ஒன்றாகத்தான். புது மேனேஜர் வந்த பின் சேகருக்கு இரண்டு முறை சம்பளம் ஏறியது. எனக்கு ஏறவில்லை. போய்க் கேட்டேன்.

"அவருக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு. குடும்பம் இல்லாத ஆளு, உங்களுக்கு என்னா செலவு?" என்றார்.

"சம்பளம் வேலைக்கா சார், பொண்டாட்டிக்கா?"

அவர் முகம் மாறியது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, ஏத்தித் தர்றேன். ஆனா டூட்டி முடிஞ்சதும் அந்த ஆளு வண்டியில வந்து வாசல்ல நிக்கிறாரே, அது வேணாம். கெஸ்ட்டுங்க பாக்குறாங்க."

ஒரு நிமிடம் சபலப்பட்டேன், அக்கா. பாபுவின் செல்போன் கடையில் வியாபாரம் மந்தம். தெருமுனையில் நிற்கச் சொன்னால் நிற்பார். ஏன் என்றுகூடக் கேட்க மாட்டார். அதை நினைத்தபோதுதான் மனசு ஒப்பவில்லை. "முடியாது சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தொழிலாளர் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். சேகர் சாட்சிக்கு வருகிறார். நான் கேட்கவே இல்லை. "ரெண்டு பேரும் ஒரே வேலதான் பாக்குறோம்னு நான் வந்து சொல்றேன் அருள். நாளைக்கி மேனேஜர் எம்மேல கோவப்பட்டா படட்டும்" என்றார். அவர் மனைவிக்குப் பயம். எனக்கும்தான். வேலை போய்விடுமோ? எங்கள் வாழ்க்கையைச் சொல்லிச் சிரிப்பார்களோ? நீ இருந்திருந்தால் கூடவே வந்து உட்கார்ந்திருப்பாய், இல்லையா?

அடுத்த வாரம் விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். சேகருக்குத் தரும் சம்பளம் எனக்கும் வரும்வரை இந்த வேலையை நானாக விட மாட்டேன். பாபுவும் என்னோடு வருகிறார். இவர் யார் என்று அங்கே கேட்டால், என் குடும்பம் என்றுதான் சொல்வேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவன்,
அருள்