இல்லாத பல்லை உடைத்தவன்

மகளே,

சாப்பாடு மேஜைமேல் மூடி இருக்கிறது. நான் பேத்தியின் பல் எக்ஸ்ரேக்குக் கண்ணாடிச் சட்டம் போடப் போகிறேன், கூடத்தில் மாட்டுவதற்கு.

முளைக்காத அந்தப் பக்கப்பல் பிறவியிலேயே இல்லையாம். "கம்பி போட வர்ற பிள்ளைங்ககிட்ட இது சகஜம், பெரியவரே" என்றார் டாக்டர். அவர் காலில் விழுந்திருப்பேன், மூட்டுதான் மடங்கவில்லை.

சின்ன வயதில் அவள் என் சைக்கிளிலிருந்து விழுந்ததால்தான் பல் முளைக்கவில்லை என்று ஈரேழு உலகத்துக்கும் தமுக்கடித்து, இத்தனை வருஷமாக அவளை அதில் ஏறவே விடாமல் செய்தாயே. இல்லாத பல்லை உடைத்த மகாபாவி நான்.

திரும்பும்போது "ஏறிக்கோ கண்ணு" என்றேன். "கால் தரையில இழுக்கும் தாத்தா" என்று கூடவே நடந்து வந்தாள்.

பின்குறிப்பு: மன்னிப்பெல்லாம் வேண்டாம். பரணில் இருக்கும் என் சைக்கிளில் அவளுக்காக மாட்டியிருந்த குட்டி சீட்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடு. எனக்கு மனசு வராது.