பூத்தண்டுக்குப் போட்ட கட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் நலம். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். காகிதத்தை முழங்காலில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நீ நாற்றுப்பண்ணை வேலைக்குப் போன அன்று அப்பா போட்ட சட்டம் அப்படியேதான் இருக்கிறது. "அவளுக்கு எழுதுற கை இந்த வீட்டுத் தட்டைத் தொடக்கூடாது." அந்தத் தட்டில் சாப்பிடுகிற கையால்தான் எழுதுகிறேன். அதனால்தான் பயம்.

நீ விட்டுப்போன ஆர்க்கிட் பூக்கப் போகிறது. புதிதாக முளைத்தது வேரா பூத்தண்டா என்று போன தடவை கேட்டிருந்தேன் இல்லையா? நீ சொன்ன அடையாளம்தான். வேர்நுனி மாதிரி மழுங்கலாக இல்லை, கட்டைவிரல் மட்டும் தனியாகப் பிரிந்த சின்னக் கையுறை மாதிரி இருந்தது. பிறகு மளமளவென்று வளர்ந்து மொட்டு கட்டியது. தொட்டியைத் திருப்பாதே என்று நீ எழுதியதால் நான் திருப்பவே இல்லை. அது சமையலறை ஜன்னல் பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது.

நடுவில் அடிமொட்டு இரண்டு மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன. தண்ணீர் அதிகமாகிவிட்டதோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம்தான் பார்த்தேன், அம்மா பழக்கூடையைச் செடிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். வாழைப்பழம் கருத்துப்போய்க் கிடந்தது. பழுக்கிற பழத்தின் காற்று பட்டாலே மொட்டு கொட்டும் என்று நீ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. கூடையை அலமாரிக்கு மாற்றினேன். "செடிக்குப் பழ வாசனை ஆகாதாம், மகாராணிதான் போ" என்று அம்மா முனகினாள். அதன் பிறகு ஒன்றும் உதிரவில்லை.

இனிமேல்தான் விஷயம். பதறாதே.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருந்தார். காபி குடித்தபடி அந்தத் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உனக்குத் தெரியாததா, நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் கோணின எலும்புக்கு மாவுக்கட்டு போடுகிறவர் கண்ணுக்குக் கோணல் என்றால் ஆகாது. நான் துணி உலர்த்திவிட்டு வருவதற்குள் என் ஸ்கேலைத் தொட்டியில் குத்தி, பாண்டேஜ் துணியால் தண்டைச் சுற்றி, ஒரே இழுப்பில் நிமிர்த்திவிட்டார். வெண்டைக்காயை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பாதி ஒடிந்து, மீதி நாரில் தொங்கியது.

அப்பா முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. யாரோ நோயாளியின் கையை அவரே உடைத்துவிட்ட மாதிரி நின்றார். அம்மா, "மாவுக்கட்டு போடுங்களேன், அதானே உங்க வேலை" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கோபிக்கவில்லை. "மாவு இறுகும்போது சூடாகும். இதோட தோலு தாங்காது" என்றார். ஐஸ் குச்சி இரண்டைச் சீவி, முறிந்த இடத்தைச் சேர்த்துப் பிடித்து, இரண்டு பக்கமும் வைத்து, காகித டேப்பால் சுற்றினார். மூச்சே விடவில்லை. ஸ்கேலைத் தூக்கிப் போட்டுவிட்டு, அது சாய்ந்த பக்கமே சாய்ந்திருக்கும்படி ஒரு முட்டு கொடுத்தார். "அடுத்தது எக்ஸ்ரேவா?" என்று அம்மா கேட்டதற்குக்கூட சிரிப்பில்லை.

அன்றிலிருந்து காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் மொட்டுகளை விரலால் தொட்டுப் பார்க்கிறார். மொட்டு வாடவில்லை அக்கா. மேல்மொட்டு பருத்திருக்கிறது. "அது எப்படி இருக்கு?" என்று சாயங்காலம் வந்ததும் கேட்கிறார். யாருடைய செடி என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை. வீடு சந்தோஷமாக இருக்கிறது. அதைச் சொல்லவே பயமாக இருக்கிறது, கண்பட்டுவிடுமோ என்று.

இன்று காலை ஷூ மாட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "கட்டை எப்பப் பிரிக்கணும்னு தெரிஞ்சவங்ககிட்ட கேளு" என்றார். யாரைக் கேட்பது என்றேன். "நீ எப்பவும் யாரைக் கேப்பியோ, அவங்களத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவைப் பார்த்தேன். அவள் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். தெரிந்துதான் சொன்னாரா, என்னைப் பிடிக்கப் போட்ட தூண்டிலா என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. ஆனால் ராத்திரி என் தட்டில் அவரே இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

அதனால் இந்தத் தடவை எனக்குப் பதில் எழுதாதே. அப்பாவுக்கே எழுது, ஆஸ்பத்திரி முகவரிக்கு, கட்டுப் போடும் அறை என்று போட்டு. படிப்பைப் பற்றியும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். செடியைப் பற்றி மட்டும் எழுது. கட்டைப் பிரிக்கிற நாளை மட்டும் எழுதிவிடாதே, புண்ணியமாகப் போகும். யாராவது போனில் வைத்தியம் கேட்டால் அவர் ஒரே பதில்தான் சொல்வார், அதையே நீயும் எழுது. நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று.

உனக்கும் உன் பண்ணைச் செடிகளுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

பயத்தோடும் பாசத்தோடும்,
உன் தங்கை