ஜீப் திணறிய பதினைந்து நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

ஜீப் இன்றைக்கும் திணறியது. மெயின் ரோட்டில் ஏறுகிற திருப்பத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், மூன்று எண்ணுகிற வரைக்கும் யோசிக்கிறது. அப்புறம்தான் பாய்கிறது. அந்த மூன்று எண்ணுக்குள் பின்னால் வந்த பஸ்காரன் என் பரம்பரையையே விசாரித்து முடித்துவிட்டான்.

கம்பெனி இந்த வண்டிக்கு வேறு ஏதோ பெரிய பேர் வைத்திருக்கிறது. எங்களுக்கு ஜீப்தான். பத்தொன்பது வயது. அகலமான கதவு, மாப்பிள்ளை காலைத் தூக்கி வைக்க நானே வெல்டு பண்ணிப் போட்ட படி. தங்கச்சி புருஷன் என்றாலும் எனக்கு அவர் கூடப் பிறந்தவர் மாதிரி. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆஸ்பத்திரி மிஷினில் நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டாச்சு. இரண்டு வருஷத்தில் ஒரு நாள் கூட நான் அவரை நேரம் தப்பிக் கொண்டுபோய் விட்டதில்லை.

தங்கச்சி வாசலில் நின்று கேட்டாள். "அண்ணே, நடு ரோட்டுல நின்னுட்டா அவர என்ன பண்ணுவ? தோள்ல தூக்கிட்டுப் போவியா?"

"சத்தத்தக் கேட்டே இஞ்சினுக்கு என்ன நோயின்னு சொல்றவன் நான். ரெண்டு நாள் குடு."

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் முப்பத்தைந்து வருஷம் பஸ் டெப்போவில் இருந்தவன். ஸ்க்ரூடிரைவர் நுனியை இஞ்சின் மேலும் பிடியைக் காதிலும் வைத்தால் எனக்குப் போதும். ஒரு பெரிய அதிகாரியின் வண்டிக்கு என்ன கோளாறு என்று டெலிபோனிலேயே கேட்டுச் சொன்னேன். சொன்னேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

நாலு பிளக்கும் புதுசு. பழையதை வரிசையாக வைத்துப் பார்த்தேன். வாய் எல்லாம் வெள்ளை. அப்படியென்றால் ஒன்று பெட்ரோல் குறைவு, இல்லை காற்று அதிகம். காற்று எங்கிருந்து அதிகமாக வரும்? பெட்ரோல்தான்.

மார்ச் 6, வியாழன்

பிளக் மாற்றியும் கோளாறு போகவில்லை. அதே திணறல்.

சிக்னலில் நிற்கும்போது மாப்பிள்ளை மடியில் பையை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "மச்சான், உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே. உங்களுக்குக் கேக்குதா?"

ஃபேனை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன். ஒன்றுமில்லை. நாற்பது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவருக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?

"அது வண்டி இல்ல மாப்ள. உங்க மூச்சு. நெஞ்சுல லேசா நீர் கோத்திருக்கும்."

டாக்டர் தோரணையில் சொல்லிவிட்டேன். அவர் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுப் பார்த்தார்.

"ஆமா மச்சான். இப்பவும் கேக்குது."

மார்ச் 7, வெள்ளி

பெட்ரோல் ஃபில்டர் மாற்றியாச்சு. பம்பையும் கழற்றிப் பார்த்தாச்சு. இனி குதிரை மாதிரி போகும் என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 8, சனி

குதிரை படுத்துவிட்டது. நாலு ரோடு சேருகிற இடத்தில் இஞ்சின் நின்றே போய்விட்டது. பின்னால் வந்த லாரி கையகல தூரத்தில் பிரேக் போட்டது. வெளியில் கையகலம் என்றுதான் சொல்வேன். இங்கே எழுதுகிறேன், இரண்டு ஆள் நீளம் இருக்கும். ஆனால் மாப்பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டிருந்தார். அதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"இன்னொரு தடவ இப்படி நின்னா ஆஸ்பத்திரி வேனுக்குச் சொல்லிருவேன்" என்றாள் தங்கச்சி. கோபமாகச் சொல்லவில்லை.

வேன் வந்துவிட்டால் நான் எதற்கு? பெண்டாட்டி போன பிறகு ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தவன். வண்டி ஓட்டுகிறேன் என்ற தைரியத்தில்தான் தட்டின் முன்னால் உட்காருகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து பானெட்டுக்குள் தலை. காற்று போகிற வழியில் படிந்திருந்த கரியையெல்லாம் துடைத்தேன். ஸ்க்ரூடிரைவரை ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டேன். கடகடவென்ற அடிச்சத்தம் வருகிறது. அதற்கு மேல் பஞ்சை அடைத்த மாதிரி அமைதி. "இஞ்சின் சுத்தமா இருக்கு மாப்ள" என்றேன்.

அவர் தன்னுடைய தண்ணீர் பாட்டிலிலிருந்து பாதியைத் தொட்டிச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் அனுமதித்ததே ஒரு நாளைக்கு அந்த ஒரு பாட்டில்தான்.

"என்ன மாப்ள இது?"

"நெஞ்சுல நீர் கோத்திருக்குன்னு நீங்கதான சொன்னீங்க. நேத்தும் உஸ்ஸுன்னுச்சு. வீட்ல வர்றதில்ல, வண்டில உக்காந்தா மட்டும் வருது."

நான் தலையாட்டினேன். ஏன் தலையாட்டினேன்?

மார்ச் 10, திங்கள்

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இதை எழுதத்தான் முடிகிறது. சொல்ல முடியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

சந்து சந்தாக ஓட்டி எப்படியோ கொண்டு சேர்த்தேன். மூன்றாவது மணி நேரத்தில் மாப்பிள்ளைக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. இரண்டு காலும் இழுத்துக்கொண்டு விறைத்துப்போயின. கண் மேலே சொருகியது. தலைமாட்டைத் தாழ்த்தி, பாட்டில் ஏற்றி, நாலு பேர் சுற்றி நின்று — நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தகவல் தெரிந்து ஓடிவந்த தங்கச்சியிடம் நர்ஸம்மா கேட்டார். "மூச்சு உஸ்ஸுங்குது, இன்னும் கொஞ்சம் நீர் எடுங்கன்னு அவரே கெஞ்சினாரு. தண்ணியும் சரியாக் குடிக்கல போல. இதையெல்லாம் யாரும்மா இவருக்குச் சொல்லிக் குடுத்தது?"

தங்கச்சிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் லேசான மயக்கம் என்று சொன்னேன். லேசு இல்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆள் போயிருப்பார்.

மார்ச் 12, புதன்

யாரிடமும் சொல்லாமல் ஜீப்பைக் கம்ப்யூட்டரிடம் கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் என்பது நான் வைத்த பேர். எதற்கெடுத்தாலும் வண்டியில் மிஷினைச் சொருகிப் பார்க்கிற மெக்கானிக். இவனுக்கெல்லாம் காது எதுக்கு என்று தெருவெல்லாம் கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

இன்றைக்கு அவன் மிஷினையே எடுக்கவில்லை. பானெட்டைத் தூக்கினான், தலையைச் சாய்த்தான். "என்னண்ணே, தெருமுனை வரைக்கும் கேக்குது. இத வச்சுக்கிட்டா ஒரு வாரமா ஓட்டுனீங்க?"

பின்பக்கமாகக் கையை விட்டு ஒரு ரப்பர் ஓஸ் குழாயைத் திருப்பிக் காட்டினான். கட்டைவிரல் பருமன். அடியில் நீளமாக வெடித்திருந்தது. அதன் வழியாகத்தான் வேண்டாத காற்று உள்ளே போகிறது. பிளக் வெள்ளையாக இருந்ததும் அதனால்தான். வெடிப்பை விரலால் அமுக்கினான், இஞ்சின் அடங்கியது. விட்டான், குலுங்கியது.

"இப்ப கேக்குதாண்ணே, உஸ்ஸுன்னு? இப்ப நிக்குது பாருங்க. இப்ப?"

"ம். கேக்குது."

குலுங்குவது கையில் தெரிந்தது. காதில் ஒன்றுமே இல்லை.

ஐந்து நிமிஷத்தில் புது ஓஸ் போட்டுவிட்டான். ஜீப் தொட்டால் பாய்கிறது. வழியில் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

ஒரு திணறல் இல்லை. "சொன்ன மாதிரியே சரி பண்ணிட்டண்ணே" என்றாள் தங்கச்சி. ஆமாம் என்றேன்.

மாப்பிள்ளை வழி முழுக்க நெஞ்சில் கை வைத்தபடி வந்தார். "இன்னைக்கு மூச்சுச் சத்தமே இல்ல மச்சான். அவங்க என்ன சொன்னாலும் தண்ணியக் குறைச்சது நல்லதுக்குத்தான்."

மார்ச் 14, வெள்ளி

காலையில் மறுபடியும் பாட்டிலோடு செடிப் பக்கம் போனார். போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ள, அது உங்க மூச்சு இல்ல. ஜீப்பு. ஓஸ் வெடிச்சிருந்துச்சு. கம்ப்யூட்டர்தான் கண்டுபிடிச்சான்."

அவர் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப ஏன் மூச்சுன்னு சொன்னீங்க?"

"எனக்குக் கேக்கல. கேக்கலன்னு சொல்ல வாய் வரல."

தங்கச்சி சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். திட்டியிருக்கலாம். ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். "நாளைக்கு வேனுக்குச் சொல்லிடுறேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாப்பிள்ளை மூடியைத் திருகி மடமடவென்று பாதி பாட்டில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு வாரமா தாகம் மச்சான்."

மார்ச் 15, சனி

வேன் வந்தது. பின்சீட்டில் இடம் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

வேனில் ஏறி உட்கார்ந்த மாப்பிள்ளை கதவைச் சாத்தவிடவில்லை. "மச்சானும் வரட்டும். நான் மிஷின்ல கிடக்குற நேரத்துல அவரு காதக் காட்டட்டும்." கூட ஏறியிருந்த தங்கச்சி நகர்ந்து இடம் விட்டாள்.

காதுக்கு என்று ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் மெத்தை. தலையில் ஹெட்போன் மாதிரி ஒன்றை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னாள் காதைச் சோதிக்கிற பெண். நான் நன்றாக, நிதானமாக, விட்டு விட்டு அமுக்கினேன். டெப்போவில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் அமுக்குகிற மாதிரி.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

மறுபடியும் கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கை ஒரு குமிழை ஒவ்வொரு படியாகத் திருப்பிக்கொண்டே போனது தெரிந்தது. இரண்டு மூன்று தடவை கேட்டது, அமுக்கினேன். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை, அவள் கை திருப்பிக்கொண்டே இருந்தது. என் கட்டைவிரல் பொத்தான் மேல் சும்மா கிடந்தது. அமுக்கவில்லை.