மாதா தங்கிய அறை

இன்று முத்தையாபுரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் கையிலிருந்து இறால் ஓடும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வாடை வந்தது. எந்தச் சோப்புக்கும் போகாத வாடை அது. உடனே உன் நினைப்புதான். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அழுகை ஓய்ந்துவிட்டதால் நடந்ததை நடந்தபடி எழுத முடிகிறது.

ஜெபமாலை மாதத்தில் நம் தெருப் பெண்கள் மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோவோம். ஒரு வீட்டில் மாதா ஒரு நாள் தங்குவாள். மறுநாள் அந்த வீட்டில் இருப்பவர்களே அவளைச் சுமந்துபோய் அடுத்த வீட்டில் வைக்க வேண்டும், அது வழக்கம். ஒரு வருஷம், இறால் உரிக்கும் கம்பெனிக்கும் மாதா போகட்டும் என்று நீ சொன்னபோது நான் சிரித்துவிட்டேன்.

கம்பெனி முதலாளி நம் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான். திருவிழாக் கொடியேற்றத்தன்று முன்வரிசையில் நிற்பவர். ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறையில், புரோக்கர் ஜார்க்கண்டிலிருந்து கூட்டி வந்த பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுடைய ஆதார் அட்டையும் போனும் முதலாளியிடம். கேட் எப்போதும் பூட்டு. தெருவுக்கே தெரியும். பாதித் தெரு அவரிடம் சம்பளம் வாங்கியதால் யாரும் வாய் திறக்கவில்லை. உன் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை பார்த்தார்.

வாசலுக்கு வந்த மாதாவை அவர் எப்படி வேண்டாம் என்பார்? கும்பிட்டுவிட்டு, ஆபீஸ் ரூமில் வைக்கச் சொன்னார். நீ மசியவில்லை.

"ஆபீசுல யாரு அண்ணாச்சி குடியிருக்கா? குடியிருக்கவுககூடதான மாதா தங்கணும்."

சுரூபம் பிள்ளைகளின் அறைக்குப் போனது. ஜெபமாலை சொல்லும் சாக்கில், மும்பையில் குடியிருந்த காலத்து அரைகுறை இந்தியில் அவர்களிடம் பேசினாய். நாளைக்கு மாதாவோடு வந்துவிடுங்கள், திரும்பிப் போக வேண்டாம் என்று சொன்னாயாம்.

மறுநாள் மாதாவைச் சுமக்க அவர்களுக்குக் கேட் திறந்தது. அடுத்த வீடு கன்னியர் மடம். சிஸ்டர்களிடம் முன்பே பேசி வைத்திருந்தாய். பிள்ளைகளுக்குப் பாட்டுத் தெரியாது, இதே இறால் வாடைக் கையில் மெழுகுதிரியோடு நடந்தார்கள். கூட வந்த காவலாளியை சிஸ்டர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். உள்ளே போய்க் கலெக்டர் ஆபீசுக்குப் போன் போட்டார். அதிகாரிகள் வந்தார்கள், அட்டைகள் கைக்கு வந்தன, பிள்ளைகள் ஊருக்கு ரயில் ஏறினார்கள். உன் வீட்டுக்காரருக்கு வேலை போனது. அதைப் பற்றி நீ புலம்பி நான் கேட்டதில்லை.

ஆனால் அன்று முதலாளி, சமைக்க ஆள் வேண்டும் என்று அவர்களில் ஒருத்தியை உள்ளேயே நிறுத்தி வைத்திருந்தார். பூல்மணி. அதிகாரிகள் கம்பெனிக்குப் போய்ச் சேர்வதற்குள் புரோக்கர் அவளைக் கொண்டுபோய்விட்டான். எங்கே என்று இன்றுவரை தெரியாது. ஊரே உன்னைப் புகழ்ந்தபோதும் நீ அவளைப் பற்றியேதான் பேசினாய். தப்பித்தவர்களை நினைத்துச் சந்தோஷப்படேன் என்று எரிந்து விழுவேன். உன் காதில் ஏறவே ஏறாது.

மாதாமாதம் அவள் பேரை வாசித்து வேண்டச் சொல்லிக் கோயிலில் பூசை வைப்பாய். இவ்வளவு காலமாகிவிட்டதே, இறந்தவர்களோடு சேர்த்துப் பேரை வாசிக்கட்டுமா என்று கோயில் உபதேசியார் ஒருமுறை கேட்டார். நீ கோபப்படவில்லை.

"உசிரோட இருக்கவுகளோட வாசிங்க. அவ செத்துட்டான்னு யாரும் வந்து சொல்லலியே."

இப்போது அந்தப் பூசையை நான் வைக்கிறேன். போன ஞாயிறு உங்கள் இரண்டு பேர் பெயரையும் வாசித்தார்கள். இறந்தவர்களோடு உன்னை. இருப்பவர்களோடு பூல்மணியை.