குடுத்துரு மக்களே என்ற அக்காவுக்கு

அக்கா,

இப்படித்தான் தொடங்க வருகிறது. எவ்வளவு கோபம் இருந்தாலும் உங்களை வேறு சொல்லால் அழைத்துப் பழக்கமில்லை.

இன்று காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது நம் பில்டிங் லிஃப்டில் புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் சிரிக்கிறார்கள். பிராக்டிகல் நர்சிங் டிப்ளமோ, அட்மிஷன் நடக்கிறதாம். கல்லூரியின் பெயர்தான் புதிது. ரோலா கடைத்தெருவில் அதே ஃபர்னிச்சர் கடைக்கு மேலே அதே மாடி. கீழே வந்து சேர்வதற்குள் இந்தக் கடிதத்தை எழுதுவதென்று முடிவு செய்துவிட்டேன். இறந்துபோனவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன்.

நம் ரூமில் நாலு பேரில் நீங்கள் ஒருவர்தான் நர்ஸ். வேலை நாளில் கிளினிக், லீவு நாளில் அந்தக் கல்லூரியில் லேப் வகுப்பு. நான் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் சேர ஆசைப்பட்டு, வீட்டு நிலைமையால் முடியாமல் போனதை உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அப்ளிகேஷனோடு வந்து நின்றீர்கள்.

"மக்களே, இன்னும் எத்தன காலம் பில் கவுண்டர்ல நிப்ப? இதப் படிச்சா லைசென்ஸ் பரீட்ச எழுதலாம். நான் இருக்கேம்லா."

உங்கள் நாகர்கோவில் 'மக்களே'யில் நான் உருகிப்போனேன். ஆள் சேராவிட்டால் புது பேட்ச் கிடையாது, பேட்ச் இல்லாவிட்டால் உங்கள் லேப் வேலையும் கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கல்லூரியில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, எப்போது சேருகிறீர்கள் என்று. அடுத்து ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளைக் கேட்டார்கள். ஊரில் இருந்திருந்தால் ஏன், எதற்கு என்று கேட்டிருப்பேன். இந்த வளைகுடா நாட்டுக்கு வேலைக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து என் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் கிடக்கிறது. நம் காகிதம் நம் கையில் இல்லாதது நமக்கெல்லாம் பழகிவிட்டது. வேலை கொடுக்கிறவர் வைத்துக்கொள்கிறார், படிப்புக் கொடுக்கிறவரும் வைத்துக்கொள்வார் போல என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த நீங்களும் "குடுத்துரு மக்களே, பத்திரமா இருக்கும்" என்றீர்கள்.

பாடம் நன்றாக நடத்துவீர்கள், அதை மறுக்க மாட்டேன். படுத்திருப்பவரை எப்படித் திருப்புவது என்று கட்டிலில் பொம்மையைப் போட்டு எங்களைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பீர்கள். "முதுகக் குடுத்துத் தூக்காத, முட்டிய மடக்கு. நோயாளி அரிசி மூட்ட இல்ல" என்று அதட்டுவீர்கள்.

பாதிப் படிப்பில் விஷயம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சி இல்லாத இந்த டிப்ளமோவை வைத்து லைசென்ஸ் பரீட்சை எழுத முடியாதாம். அதே சமயம் ஊரில் ஒரு நர்சிங் ஸ்கூலில் எனக்கு இடம் கிடைத்தது. வயது வரம்புக்கு அதுதான் எனக்குக் கடைசி வருடம். ஒரிஜினலோடு நேரில் வரச் சொன்னார்கள். இங்கே கேட்டால், கோர்ஸ் முடியாமல் தரமாட்டோம் என்றார்கள்.

நீங்கள் யூனிஃபார்ம் அயர்ன் செய்துகொண்டிருந்தீர்கள்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா குடுத்துருவாங்கக்கா."

"நான் அங்க லேப் எடுக்கவ. ஆபீஸ் காரியத்துல தலையிட முடியாது, கேட்டியா."

"லைசென்ஸ் கிடைக்காதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

நீங்கள் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தீர்கள். "படிச்சது வீணாப் போவாது" என்றீர்கள். ஊரில் அட்மிஷன் முடிந்தது. நான் நர்ஸ் ஆகவில்லை, இனி ஆகவும் முடியாது. அதற்குப் பிறகும் ஒரே ரூமில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு இருந்தோம். உங்களோடு நான் பேசியது உப்பு, தண்ணி அளவுக்குத்தான்.

பிறகு உங்களுக்கு ஸ்ட்ரோக் வந்தது. ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஊருக்குக் கூட்டிப் போக ஏற்பாடு ஆகும்வரை ரூமில்தான் கிடந்தீர்கள். மற்ற இருவருக்கும் உங்களைத் தொடப் பயம். நான் நைட் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு, பகலில் உங்களைத் துடைத்தேன், திருப்பிப் போட்டேன், ஊட்டினேன். பார்க்க வந்த டாக்டர் உங்கள் முதுகைப் பார்த்துவிட்டு, யார் பார்த்துக்கொள்கிறார்கள், நர்ஸா என்று கேட்டார்.

கோணிய வாயால் நீங்கள் சொன்னீர்கள், "நர்ஸு... எனக்க பிள்ள."

"நான் நர்ஸ் இல்ல டாக்டர். சூப்பர் மார்க்கெட்ல பில் போடுறேன்" என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். எனக்கு அது திருப்தியாக இருந்தது. இப்போதும் அதற்காக வருத்தமில்லை.

ஊருக்குப் போன சில வாரங்களில் நீங்கள் போய்விட்டதாகத் தகவல் வந்தது. கூடப்பிறந்தவள் மாதிரி நான் உங்களைப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லி உங்கள் தம்பி போனில் அழுதார். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் கற்றுக்கொடுத்த வேலை என் கையில் இருக்கிறது, உங்கள் மேல் இருக்கும் கோபமும் அப்படியே இருக்கிறது. உங்கள் முதுகில் ஒரு படுக்கைப் புண்கூட நான் வரவிடவில்லை. அது பாசத்தால் இல்லை அக்கா. நான் எப்பேர்ப்பட்ட நர்ஸாக ஆகியிருப்பேன் என்பது உங்களுக்குத் தெரியாமல் நீங்கள் போகக்கூடாது என்று நினைத்தேன்.