குட்டை விழுந்த பாதி

எம்.ரெட்டியபட்டி
8.12.1986

அன்புள்ள ராமலட்சுமி அக்காவுக்கு,

ஆவுடைத்தாய் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும்.

அய்யா விட்டுப்போன கரிசலில் வெட்டிய குட்டை நிறைந்துவிட்டது. இப்போதெல்லாம் மழை வந்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது, இல்லாவிட்டால் வருஷம் பூராவும் இல்லை. அதைப் பிடித்து வைத்ததில் தீவனப்புல் வளர்ந்தது, மாடு பிழைத்தது. சாணியை மூடிய தொட்டியில் கரைத்தால் கேஸ் வருகிறது. அடுப்பு அதில்தான் எரிகிறது. தொட்டி கட்டித் தந்தவர்கள் அதை ஆயில் இன்ஜினிலும் இணைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் டீசல் விட்டால் போதும், மீதி கேஸிலேயே ஓடித் தண்ணீர் இறைக்கிறது. கேஸ் போன சாணிக் கரைசல் காய்கறிக்கு உரம்.

பஸ் கண்டக்டரிடம் கீரையும் கத்தரிக்காயும் கொடுத்தனுப்பினேன். இத்தனை நாள் நீ எனக்கு அனுப்பினாய்.

உன் தங்கை
ஆவுடை


அருப்புக்கோட்டை
2.1.1987

அன்புத் தங்கை ஆவுடைக்கு,

காய் வந்தது. பாதியில் புழு. வீட்டில் யாரும் தொடவில்லை.

இங்கே கரண்ட் இல்லாமல் தறிகள் பாதி நாள் நிற்கின்றன. குடிதண்ணீருக்குத் தெருக்குழாயில் காத்துக் கிடக்கிறேன். நேற்றுச் சாப்பிடும்போது உன் அத்தான், “உன் தங்கச்சி வீட்டு மாட்டுக்கு இருக்கிற பவரு நம்ம வீட்டுக்கு இல்ல” என்று சொல்லிச் சிரித்தார். நான் எழுந்து போய்விட்டேன்.

சாணி வாடையில் எப்படித்தான் சமைக்கிறாயோ. பழைய சேலைகள் சில எடுத்து வைத்திருக்கிறேன். இனி உனக்கு அதெல்லாம் தேவைப்படுமோ என்னவோ.

ராமலட்சுமி


எம்.ரெட்டியபட்டி
20.1.1987

அன்புள்ள அக்கா,

சேலை எனக்கு எப்போதும் வேண்டும். அடுப்பில் வாடையே வராது, நீ ஒருநாள் வந்து பார். பொங்கலுக்கு வருவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதுரையிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வந்து என்னைக் குட்டைக்கரையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். நீ கொடுத்த பச்சைச் சேலையைத்தான் கட்டியிருந்தேன். பத்திரிகையில் வந்ததும் பார், முகத்தை எப்படி வைத்திருக்கிறேன் என்று சிரிப்பாய்.

ஆவுடை


அருப்புக்கோட்டை
11.2.1987

ஆவுடைக்கு,

படம் வந்தது. உன் அத்தான் அதை வெட்டிக் கடையில் ஒட்டியிருக்கிறார். நூல் வாங்க வருகிற எல்லோரிடமும் “எங் கொழுந்தியா” என்கிறார். பன்னிரண்டு வருஷத்தில் என்னை ஒருவரிடமும் அப்படிக் காட்டியதில்லை. அந்தச் சேலையும் நான் கட்டிக் கழித்தது.

அய்யா நிலத்தில் எனக்கும் பாதி உண்டு. அவர் செத்தபோது நீயே வைத்துக்கொள் என்றேன், அன்று அது வெறும் கரிசல். இப்போது எனக்குக் கிழக்குப் பாதி வேண்டும். குட்டை அந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

ராமலட்சுமி


எம்.ரெட்டியபட்டி
3.3.1987

அன்புள்ள அக்கா,

நேற்று உன் வீட்டிலிருந்து எப்படி பஸ் ஏறினேன் என்று எனக்கே தெரியவில்லை. மேற்குப் பாதியை எடுத்துக்கொள், வேண்டுமானால் பாதிக்கு மேலேயே எடுத்துக்கொள் என்று கெஞ்சினேன். குட்டை உன்னிடமும் மாடு என்னிடமும் இருந்தால் இரண்டும் வீணாகும் என்றேன். நீ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், “அது எனக்கு ஒதவணும்னு இல்ல. ஒனக்கு இருக்கக்கூடாது” என்றாய்.

கோபத்தில் சொன்னதுதானே? ஒரு வரி எழுது.

ஆவுடை


அருப்புக்கோட்டை
19.3.1987

சித்திரை பிறந்ததும் வேலி போட ஆட்கள் வருவார்கள். இன்ஜினை உன் பக்கம் எடுத்துக்கொள்.

ராமலட்சுமி


எம்.ரெட்டியபட்டி
24.11.1987

அக்காவுக்கு,

வேலி போட்ட பிறகு நீ ஒரு தடவையும் வரவில்லை. கோடையில் உன் குட்டை யாருக்கும் உதவாமல் வற்றி வெடித்துக் கிடந்தது. புல் இல்லாமல் மாட்டை விற்றோம், கேஸ் நின்றது. பழையபடி கருவேல முள்ளை வெட்டித்தான் அடுப்பெரித்தேன். உன்மேல் ஆத்திரம் தீரும்வரை நானும் என் வீட்டுக்காரரும் மேற்குப் பாதியில் இன்னொரு குட்டை வெட்டினோம். கை கொப்பளித்தபோதெல்லாம் உன்னைத்தான் வைதேன்.

போன வாரம் மழை கொட்டியது. புதுக்குட்டை நிறைந்தது. கன்றோடு ஒரு மாடு வாங்கியிருக்கிறோம். காய் வந்தாலும் இனி உனக்கு அனுப்ப மாட்டேன்.

மேற்கு மேடு, கிழக்கு பள்ளம். என் குட்டை நிறைந்து மிஞ்சுகிற தண்ணீர் உன் குட்டையில்தான் போய் விழுகிறது. உன்னுடையதும் இப்போது முக்கால்வாசி நிற்கிறது. மண்ணைப் போட்டு அடைத்துவிடலாம் என்று இவர் மண்வெட்டி எடுத்தார். வேண்டாம் என்றேன்.

தண்ணீர் தானாகத்தான் வருகிறது. நான் விட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

ஆவுடைத்தாய்